இன்னும் பழசு

மெட்டில்டாவின் வேலை என்னவென்று சேலையூரில் அவள் தெருவில் யாருக்கும் சரியாகப் புரிந்ததில்லை. துரைப்பாக்கத்தில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு ஆங்கில அகராதி ஒன்றுக்காக, ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் எப்போது எழுதப்பட்டது என்று ஸ்கேன் செய்த பழைய தாள்களில் தேடித் தர வேண்டும். வெள்ளைக்காரனே மறந்துபோனதை இவள் தினமும் பள்ளிக்கரணை டிராஃபிக்கில் நசுங்கிப் போய்த் தேடுவாள்.

இந்த முறை வந்து மாட்டியது 'ஹோல்பன்'. 'ஹெல்ப்' என்ற வினையின் பழைய வடிவம், இப்போது யாரும் பேசுவதில்லை. அறுநூறு வருஷம் பின்னால் போய் ஒரு கடிதத்தில் கண்டுபிடித்து அனுப்பினாள். அகராதியின் லண்டன் ஆபீஸிலிருந்து ஒரே வரி வந்தது: இதற்கும் முந்தியது உண்டா? எழுநூறு வருஷத்துக்குப் போனாள். மறுபடியும் அதே வரி. கழுத்து வலித்தது, மனசும் விட்டுப்போயிற்று.

வீட்டில் ஜெபசீலன் காத்திருந்தார். அவள் கணவர், ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். கொஞ்ச நாளாக நடக்கும்போது கதவில் இடித்துக்கொள்கிறார். கண் டாக்டரிடம் தனியாகப் போங்களேன் என்றால், நீயும் வா, சேர்ந்து போகலாம் என்பார். இந்தச் சொல் முடியட்டும் என்று அவளும் தள்ளிக்கொண்டே வந்தாள். மனுஷன் கோபப்படவே மாட்டார், அதுதான் தொல்லை.

"அவங்களுக்கு இன்னும் எவ்ளோ பழசு வேணுமாம்?" என்று மட்டும் ஒருநாள் கேட்டார்.

அடுத்த தடவை அந்த வரி வந்தபோது பதில் போடாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு லீவு சொன்னாள்.

கிழக்குத் தாம்பரம் கிளினிக்கில் டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். கண் அழுத்த நோயாம். பக்கவாட்டுப் பார்வை போனது போனதுதான், மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும் என்றார். முதலில் எப்போது தெரிந்தது என்று கேட்டார். மெட்டில்டா முந்திக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு அப்புறம் என்றாள்.

"இல்ல டாக்டர், மூணு வருஷம் ஆச்சு" என்றார் ஜெபசீலன். "பக்கத்துல வர்ற வண்டி தெரியாது. இவ எப்பவும் வேலை டென்ஷன்லயே இருப்பா. அதான் சொல்லல."

"இன்னும் முன்னாடி வந்திருக்கணும் சார்."

மெட்டில்டாவுக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. வெளியே வந்ததும், ரோட்டைக் கடக்கப்போனவரை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கம்ங்க தெரியல?"

"இடது பக்கம்" என்றார்.

சுற்றி வந்து, அந்தப் பக்கம் நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.