செடிக்குள் இருந்த பை

எங்கள் தமிழ்ப்பள்ளியில் ஆங்கில டீச்சர் ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தார். பெற்றோர் நாளன்று மேடையேறி அந்தச் சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். கடலும் விமானமும் மற்றவர்களுக்குப் போக, எனக்கு வந்து சேர்ந்தது ‘புஷ்’, அதாவது புதர்ச்செடி. ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில், கதவைத் திறந்தாலே தேயிலைச் செடி முகத்தில் இடிக்கிற தோட்டத்தில் பிறந்தவளுக்குச் செடி! அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். கொழுந்து மூட்டைகளை ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. என் கண்ணைத் துடைத்து, லோரிக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார்.

“இந்தா பாரு, இதுக்குப் பேரும் புஷ்ஷுதான். ரப்பரு. இது தேஞ்சிருச்சுன்னா வண்டி கெடந்து குலுங்கும். ஒங்க டீச்சருக்கு இதெல்லாம் எங்க தெரியும்லா!”

மறுநாள் டீச்சர் தன் பங்குக்குக் காடு என்றும் அடர்ந்த தலைமுடி என்றும் இன்னும் இரண்டு பொருள் சொன்னார். எனக்கு அழுகை போய்ப் பெருமை வந்துவிட்டது. விமானத்துக்கு இத்தனை அர்த்தம் உண்டா?

பெற்றோர் நாளன்று அப்பா தைப்பூசச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, முன்வரிசையில், தோட்டத்தில் எல்லாரையும் வேலை வாங்குகிற கிராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பெண்களோடு பின்னால் இருந்தாள். டீச்சர் எழுதிக் கொடுத்ததை ஆங்கிலத்தில் ஒப்பித்து முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அத்தோடு இறங்கியிருப்பேன். தலைமையாசிரியருக்குத்தான் மனம் கேட்கவில்லை.

“தமிழ்லயும் சொல்லும்மா. அம்மா அப்பாவுக்கும் புரியட்டும்.”

தமிழில் எனக்கு யாரும் எழுதித் தரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மழை விட்டால் செடி மேல்தான் துணி காயப்போடுவோம் என்றேன். கொழுந்து பறிக்கும்போது தம்பியைச் செடி நிழலில்தான் படுக்க வைப்பார்கள் என்றேன். கிராணி வருகிறார் என்றால் வெற்றிலை போடுகிற அக்காமார்கள் செடிக்குப் பின்னால் குந்திக்கொள்வார்கள் என்றேன். கிராணியே விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“சனிக்கிழம அப்பா தண்ணி போட்டுட்டு வந்தா, நாங்க மூணு பேரும் செடிக்குள்ள ஒளிஞ்சுக்குவோம். அப்பா கத்தி முடிச்சுத் தூங்குற வரைக்கும் சத்தமே போடக்கூடாது. அம்மா எங்க துணியெல்லாம்கூட ஒரு பையில போட்டு அங்கேயே வச்சிருக்காங்க.”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அவசரமாகக் கை தட்டி, என் கையில் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியைத் திணித்தார். அப்பா குனிந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை அம்மா என் கையை விடவில்லை. வலிக்குமளவு இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா வீட்டுக்குள் வராமல் நேரே பின்பக்கம் போய்ச் செடிக்குள் இறங்கினார். அம்மா எங்கள் இருவரையும் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். பரிசு வாங்கியும் உதை விழப்போகிறதே என்று பென்சில் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா பையோடு வந்தார். பனியில் நனைந்திருந்த அதை மேசை மேல் வைத்துப் பிரித்தார். அம்மாவின் சேலைகள், தம்பியின் சட்டைகள், பிளாஸ்டிக்கில் சுற்றிய எங்கள் பிறப்புப் பத்திரங்கள், கடைசியாக என் மஞ்சள் கவுன்.

“என் கவுனு!” என்று கத்திவிட்டேன். தீபாவளிக் கவுன் அது. காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சண்டையெல்லாம் போட்டிருந்தேன்.

அப்பா காலிப் பையை இன்னொரு முறை உதறிப் பார்த்தார்.

“எப்ப போறதா இருந்த?”

“இன்னொரு தடவ கை ஓங்குனா” என்றாள் அம்மா.

அவர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றோடு குடியை விட்டுவிட்டார் என்று கதை அளக்க மாட்டேன். குடித்த நாட்களில் வீட்டுக்கு வராமல் லோரியிலேயே படுத்துக்கொண்டார். போகப் போக அதுவும் குறைந்து நின்றது. கை மட்டும் அதன்பிறகு ஒருநாளும் ஓங்கவில்லை. இப்போது அவர் பேரப்பிள்ளைகளுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அன்றைக்கு எனக்கு அடி விழவில்லை, கவுனும் கிடைத்தது. அப்பாடா என்று இருந்தது. அம்மா துணிகளை மடித்துத் திரும்பப் பையிலேயே அடுக்கத் தொடங்கினாள். பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு அப்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது. ஓடிப்போய்க் கொடியிலிருந்து அப்பாவின் நீலச் சட்டையை எடுத்து வந்து, எனக்குத் தெரிந்த மாதிரி மடித்து, என் கவுனுக்கு மேலே வைத்தேன்.

“மா, அப்பா சட்டைய மறந்துட்டீங்க.”

அம்மா அதைத் தொடவில்லை. எடுத்து வெளியே வைக்கவும் இல்லை. அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் சட்டையை வைக்க மறந்ததற்காகவா ஒரு பெரிய மனிதர் இப்படி அழுவார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.