அன்னாசி தின்ற ரேகை

போன வருடம் ஜூலை மாதத்தின் கடைசி நாள். சிவகாசியில் எங்கள் தெரு ரேஷன் கடையில் நீண்ட வரிசை. அன்று வாங்காவிட்டால் அந்த மாதப் பொருள் போய்விடும் என்பதால் எல்லோருக்கும் அவசரம். நானும் சீனிக்காக நின்றிருந்தேன். முப்பது வருடம் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் அன்னாசிப்பழம் அறுத்து விற்பவர். தினமும் மாலையில் அவரிடம் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிடுவேன். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வயிற்று மந்தம் அதனால் குறைந்தது போலத் தோன்றியது. வைட்டமின் சி இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, புரதத்தை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது, டப்பாவில் அடைத்த பழத்தில் அந்த நொதி செத்துவிடும், அதனால் புதிதாக அறுத்ததைத்தான் சாப்பிட வேண்டும் என்று வண்டிக்கு வருபவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். "சார் நின்னா எனக்கு ரெண்டு பழம் கூட ஓடும்" என்று அவர் சிரிப்பார்.

அன்று ரேஷன் கடை மெஷின் அவர் கைரேகையை எடுக்கவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்துத் தேய்த்து வைத்துப் பார்த்தார். பத்து விரலும் ஆயிற்று. எங்கள் ஊருக்கு இது புதிதல்ல. பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற பெண்களுக்கு அடிக்கடி இப்படி ஆகும். கடைக்காரர் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்துவிடுவார். இவருக்கும் நோட்டை எடுத்தார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"மருந்துல கெடக்குற கைன்னா சரி. பழம் விக்கிற கைக்கு என்ன கேடு? கார்டு யாருதுன்னு நல்லாப் பாருங்க!"

வரிசை மொத்தமும் அவரைப் பார்த்தது. "சார், பழம் அறுக்கிற கை..." என்று ஆரம்பித்தவரை, "சும்மா கதை விடாதம்மா" என்று அடக்கினேன். இன்னும் இரண்டு பேர் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். கடைக்காரர் பயந்துபோய் நோட்டை மூடினார். ஐந்து பேர் சாப்பிடுகிற வீட்டுக்கான ஒரு மாத அரிசி அது. அவர் வெறும் பையை மடித்துக்கொண்டு போனார். நான் சீனியோடு வீட்டுக்கு வந்தேன். நியாயம் பேசிவிட்டதாக மனநிறைவு வேறு.

ஏமாற்றுகிறவரிடம் இனி வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆனால் பழத்தை விட மனமில்லை. மார்க்கெட்டில் முழுப் பழமாக வாங்கி நானே அறுத்தேன். தோல் சீவுவதற்குள் முழங்கை வரை சாறு வழியும். இரண்டாம் நாளே விரல் நுனி எரிந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலையில் என் கட்டைவிரலுக்குச் செல்போன் திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். ம்ஹூம்.

ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ரேகை அங்கங்கே மழுங்கி வழுவழுவென்று இருந்தது. வயதான விரல், முன்பே தேய்ந்திருக்கலாம். ஆனால் நேற்றுவரை திறந்த போன் இன்று ஏன் திறக்கவில்லை? மேஜைமேல் பாதி அறுத்த பழம் இருந்தது. புரதத்தை உடைக்கும் நொதி. தோலும் புரதம்தானே! வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய விஷயம். தினம் ஒரு பழம் அறுத்த எனக்கே இப்படி என்றால், நாள் முழுக்க அறுப்பவருக்கு?

அன்று மாலையே வண்டிக்குப் போனேன்.

"என்ன சார், வழி தப்பி வந்துட்டீகளா?" என்றார். நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"இதக் கண்டுபிடிக்க இம்புட்டு நாளா? கறி முத்தலா இருந்தா நாங்க ரெண்டு துண்டு அன்னாசிய அரைச்சுத்தான் பெரட்டி வைப்போம். ஆட்டுக்கறியே கரையுது, எந்தோலு எம்மாத்திரம்? அதத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். விட்டீகளா?"

மன்னிப்புக் கேட்டேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கன அம்புட்டுப் பேர் முன்னால ஏசிட்டு, மன்னிப்ப மட்டும் இங்கன வந்து காதுல சொல்றீகளாக்கும்?"

ஆகஸ்ட் மாத அரிசி போட்ட அன்று வரிசையில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "சத்தமாச் சொல்லுங்க சார்! ஏசும்போது தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சுல்லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சத்தமாகவே சொன்னேன். கார்டு அவருடையதுதான், ரேகையைத் தின்றது பழச்சாறு, விசாரிக்காமல் பழி போட்டது நான் என்று சொன்னேன்.

கடைக்காரர் நோட்டை எடுத்தார். அரிசி பைக்குள் விழுந்தது. "போன மாசத்து அரிசி?" என்று நான் கேட்டேன். "அது போனது போனதுதான் சார்" என்றார் கடைக்காரர். அந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

கேள்வி கேளுங்கள், கேள்வி கேளுங்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளிடம் சொன்ன நான், அன்று "உங்க விரலுக்கு என்னம்மா ஆச்சு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த வீட்டில் ஐந்து பேர் ஒரு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்கள் என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.