கிடந்து வாடிய கிளுவை

என் பிறந்த வீடு தா.பழூர் பக்கம். வாய்க்காலும் வயலுமாகப் பார்த்து வளர்ந்தவளை, பெரம்பலூருக்கு மேற்கே வானம் பார்த்த மக்காச்சோளக் கொல்லைக்காரருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். முதல் கோடையிலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கொல்லையைச் சுற்றியிருந்த கிளுவை வேலியில் பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. "வேலியே செத்துப்போச்சு. இங்க மனுசி எப்படிங்க இருக்கிறது?" என்று கணவரிடம் கத்தினேன். சித்திரை முடிந்ததும் வந்து கூட்டிப்போகச் சொல்லித் தம்பிக்கும் போன் போட்டுவிட்டேன்.

மறுநாள் அவர் டிராக்டர் நுழைய வழிவிட வேலியில் ஒரு பக்கத்தை வெட்டி, கொம்புகளை மாட்டுக்கொட்டகை ஓரம் பாறைமேல் போட்டார். செத்த மரம் அடுப்புக்காவது ஆகட்டும் என்று நாலைந்தை எடுத்துவந்து வைத்தேன். வீடெல்லாம் புகை, கண் எரிந்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் ஒன்றை நகத்தால் சுரண்டினேன். காகிதம் போல உரிந்த தோலுக்கடியில் பச்சைப்பசேல் என்றிருந்தது.

"உசிரு இருக்குதேங்க! நடாம ஏன் போட்டு வச்சிருக்கீங்க?"

"வெட்டுன ஈரத்தோட நட்டா அழுவிப்போயிடும். கொஞ்ச நாளு கெடந்து வாடணும். அப்பதான் வேரு வுடும்."

"அதான் என்னையும் போட்டு வச்சிருக்கீங்களா?"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் போய்விடுவேனோ என்று அவர் பயந்துகொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் கோடை மழை. புழுதி அடங்குவதற்குள் நின்றும்விட்டது. அடுத்த சில நாளில் சாணி அள்ளப் போனவள் கொட்டகை ஓரம் அப்படியே நின்றுவிட்டேன். பாறைமேல் கிடந்த கொம்புகளில் தளிர்! வேர் கிடையாது, மண் கிடையாது. இலையை உதிர்த்துச் செலவைக் குறைத்து, தண்டில் சேர்த்த ஈரத்தையும் தோலின் பச்சையையும் வைத்தே இத்தனை நாள் வயிற்றைக் கழுவியிருக்கிறது. எங்கள் பக்கத்து நெல்லுக்குச் சில நாள் தண்ணீர் வராவிட்டால் ஊரே கலெக்டர் ஆபீஸில் நிற்கும். இது யாரிடமும் ஒரு வாய் கேட்கவில்லை.  செத்தது என்று சொன்னதைக் கும்பிடலாம் போலிருந்தது.

தம்பி கார் எடுத்துக்கொண்டு வந்தபோது, நானும் அவரும் கொல்லையின் பின்பக்கம் குழி போட்டு அந்தக் கொம்புகளை நட்டுக்கொண்டிருந்தோம்.

"பெட்டி எங்கக்கா?"

"அது கெடக்கட்டும். இந்தக் கொம்பச் சாயாமப் புடி, நான் மண்ணத் தள்ளுறேன்."