கடைசி வாங்கில் இருந்த தமக்கை

யாராவது ஆவி, பேய் என்று கதை தொடங்கினால், தேநீர் போடுகிறேன் என்று எழுந்து குசினிக்குப் போய்விடுகிற ஆள் நான். பல் வைத்தியர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேசையில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஏறியது மட்டும்தான் உண்மை, ஏறாதது நடக்கவில்லை என்று பழகிய மூளை இது. அதனால் இதை வாசித்துவிட்டு நீங்கள் நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனாலும் நடந்ததை நடந்தபடிதான் சொல்கிறேன்.

நிமலன் என் ஒரே தம்பி. ரொறொன்ரோவின் டோர்செட் பார்க் பகுதியில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்துக்கு முன்னால் பஸ்ஸால் இறங்கி, நடப்பவர்களுக்கான விளக்கு விழுந்த பிறகு வீதியைக் கடந்தவனைக் கார் ஒன்று அடித்துவிட்டது. ஓட்டியவன் கஜன் என்றொரு தமிழ்ப் பொடியன், கல்லூரி மாணவன். கையில் போன், காலில் வேகம். ஆபத்தான முறையில் வாகனம் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியதாகக் குற்ற வழக்குப் போட்டார்கள். வழக்கு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை கேட்க நின்ற நாளில் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

வயிற்றில் பிள்ளை, ஏழாம் மாதம். இரத்தம் போகத் தொடங்கியதால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்க்க வயிற்றைச் சுற்றி ஒரு பட்டி, கையில் சேலைன், மேலே ஆஸ்பத்திரியின் நீலப் போர்வை. கணவர் ரகு பக்கத்துக் கதிரையிலேயே இருந்தார். அம்மா, அப்பா முன்பே காலமாகிவிட்டார்கள். ஆகவே எங்கள் பக்கத்திலிருந்து நீதிமன்றத்துக்கு ஒருவரும் போகவில்லை. அதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் போகவில்லை. பின்னேரம் அரச தரப்பிலிருந்து போன் எடுத்து, சிறைத்தண்டனை கொடுத்தாயிற்று என்று சொன்னார்கள். ரகு அதை என்னிடம் சொன்னார். நான் "ம்" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பொடியனின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

மகள் வளர்ந்து நாலாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். போன வருடம் ஒருநாள், நிமலனின் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, மாமாவை அடிச்ச ஆள் கோட்டில சொறி சொன்னவரா?"

நீதிமன்றத்தில் அவன் மன்னிப்புக் கேட்டானா என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு வருடமும் அது எனக்குத் தெரியாது என்பதுகூட அன்றுதான் உறைத்தது. கோபத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். யார்மேல், எந்த அளவுக்கு என்று கேட்டால் பதில் இல்லை. சரி, பார்ப்போம் என்று வழக்குப் பதிவைத் தேடப் புறப்பட்டேன்.

வழக்கு நடந்த ஸ்காபரோ நீதிமன்றம் இப்போது அங்கே இல்லை, எல்லாம் டவுன்டவுனில் ஒரே கட்டடத்துக்குப் போய்விட்டது. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய், குற்ற வழக்குகளுக்கான கவுண்டரில் நின்றேன். பெயர், பிறந்த திகதி, வழக்கு எண் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது பெயரும் வருடமும் மட்டும். அந்தப் பெயரில் அப்படி ஒரு வழக்கே இல்லை என்று பதில் வந்தது. பிறகுதான் எங்கள் ஆட்களின் வழக்கமான பிரச்சினை ஞாபகம் வந்தது. தகப்பன் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைப் பின்னுக்கும் மாற்றிப்போட்டுத் தேடச் சொன்னேன். உடனே வந்துவிட்டது. முடிந்த வழக்கின் கோப்பு வெளியே களஞ்சியத்தில் இருக்கும், எடுப்பித்துவிட்டு அழைக்கிறோம் என்றார்கள்.

கிழமைகள் கழித்து அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். குற்றச்சாட்டு, ஒப்புக்கொண்டது, தண்டனை, அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது கோப்பில் இருக்காதாம். அதற்கு, நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டு எழுதிக் கொடுக்க அனுமதி பெற்ற ஒருவரிடம் தனியாகச் சொல்ல வேண்டுமாம். அந்த வேலை செய்கிற பெண்மணி ஒருவரைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அதுவும் ஒருநாள் ஈமெயிலில் வந்து சேர்ந்தது. வீட்டில் திறக்க மனமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளினிக்கின் பார்க்கிங்கில், காருக்குள் இருந்து போனில் வாசித்தேன்.

அவன் சொறி சொல்லியிருந்தான். அதுவும் வக்கீல் எழுதிக் கொடுத்த மாதிரி இல்லை. பாதியில் நிற்கிறான், தொடங்குகிறான், "அவருடைய அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன், கேட்க எனக்குத் தகுதி இல்லை" என்கிறான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன்.

அடுத்து நீதிபதி பேசுகிறார். இறந்தவருடைய அக்கா இங்கே வந்திருப்பதாக எனக்குச் சொல்லப்பட்டது, கடைசி வாங்கில், குற்றம் சாட்டப்பட்டவரின் தாயாருக்குப் பக்கத்தில் அவர் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன், நான் பல வருடங்களாக இந்த ஆசனத்தில் இருக்கிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்கிறார். பிறகு, ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா அம்மா என்று கேட்கிறார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி. "இல்லை, நான் சும்மா இருக்கத்தான் வந்தேன்."

நான் காரின் ஹீட்டரை நிறுத்திவிட்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்ப வாசித்தேன். வேறு வழக்கின் பக்கம் கலந்துவிட்டது என்று நினைத்து அந்தப் பெண்மணிக்குப் போன் எடுத்தேன். அவர் நிதானமானவர். நானும் யோசித்துத்தான் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன், அதே வழக்குத்தான், தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்கிறது என்றார். பிறகு, உங்களுடைய குரல் மாதிரித்தான் இருந்தது, நீங்கள்தானே அந்த அக்கா என்று கேட்டார். ஒலிப்பதிவை நான் கேட்க வேண்டுமென்றால் அதற்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாமாம். இன்றுவரை நான் விண்ணப்பிக்கவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

ரகுவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"ஆரோ வேற பொம்பிளையைப் பாத்து மாறி நினைச்சிருப்பினம்," என்றார்.

"நான் அண்டைக்கு எங்கையப்பா இருந்தனான்?"

"இதென்ன கேள்வி? கட்டிலைவிட்டு இறங்கேல்லை நீ. காலமையில இருந்து ஒரே நித்திரை. தாதி வந்து வந்து பிள்ளையின்ர துடிப்பைப் பாத்திட்டுப் போனவ. பின்னேரம்தான் கண் முழிச்சனி. நான் பக்கத்திலதானே இருந்தனான்."

மகளிடம் மட்டும், அவர் சொறி சொன்னவர் என்று சொன்னேன். அவள் அதோடு விடவில்லை.

"ஆருக்குச் சொன்னவர்? நீங்கள்தான் அங்க போகேல்லையே."

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. கஜனின் தாய் எங்கே வேலை செய்கிறார் என்று எனக்கு எப்போதும் தெரியும். ஒரு பிளாசாவில் சாப்பாட்டுக்கடை, பின்னால் நின்று ரோல்ஸ் பொரிப்பவர். அந்தப் பிளாசாவுக்குள் நான் இத்தனை வருடமும் காரைத் திருப்பியதே இல்லை. ஒரு சனிக்கிழமை, மத்தியானக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து உள்ளே போனேன். என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தது ஒன்றும் தேவைப்படவில்லை. என்னைக் கண்டதும் அவர் மாப் படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாரும் பிள்ளை. ஒருநாளைக்கு வருவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார்.

"அன்ரி, என்னை உங்களுக்குத் தெரியுமோ?"

"இதென்ன பிள்ளை? கோட்டில எனக்குப் பக்கத்திலதானே இருந்தனீர்."

மூலையில் இருந்த மேசையில் இருவரும் இருந்தோம். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது, அவர் தண்ணீர் எடுத்து வந்து வைத்தார். நான் எதையும் மறுக்கவில்லை. அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் வரேல்லை. வெக்கம். நான் தனியக் கடைசி வாங்கில இருந்தனான். நீர் வந்து பக்கத்தில இருந்தனீர். ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஜட்ஜ் உம்மைப் பாத்துக் கதைச்ச பிறகுதான் தமக்கை எண்டு விளங்கினது. எழும்பி ஓடுவம் எண்டு நினைச்சன். நீர் என்ர கையைப் பிடிச்சு இருத்தினீர்."

"நான் ஏதும் பேசினனானோ?"

"திட்டிப் பேசுவீர் எண்டுதான் நினைச்சன். பேசினாலும் பரவாயில்லை எண்டு இருந்தன். கோவமா ஒரு சொல்லும் பேசேல்லை. அவனைக் கொண்டுபோகேக்க நான் அழுதன், நீரும் அழுதனீர்." தண்ணீரை என் பக்கம் தள்ளி வைத்தார். "அந்தக் குளிருக்க காலில ஒண்டும் போடாமல் வந்திருந்தனீர். ஒரு நீலப் போர்வையைப் போத்திக்கொண்டு. இந்தப் பிள்ளைக்கு ஆரும் இல்லையோ எண்டு யோசிச்சனான்."

கஜன் இப்போது ஒஷாவாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறானாம். கார் ஓட்டுவதே இல்லையாம், எங்கே போனாலும் பஸ்தானாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், நான் அவனை மன்னித்திருக்கவில்லை. மன்னிக்கலாமா என்று யோசித்தவள்கூட இல்லை. ஆனால் இந்த மனுசி, நான் செய்யாத ஒன்றுக்காக இவ்வளவு வருடமும் எனக்கு நன்றியோடு இருந்திருக்கிறார். அது நான் இல்லை அன்ரி என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவரிடமிருந்து எதைப் பறிக்கிறேன் என்று தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, அதைச் சொல்லாமலே எழுந்தேன்.

புறப்படும்போது ரோல்ஸ் கட்டித் தந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"ஆதிரைக்குக் குடும்," என்றார். "வளந்திருப்பா இப்ப."

கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என் மகளின் பெயர் ஆதிரைதான். ரொறொன்ரோவில் தமிழ் ஆட்களுக்குள் ஒரு பெயர் காதுக்குக் காது போவது பெரிய விஷயமில்லை, அப்படித்தான் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று மனதைச் சமாளித்துக்கொண்டு, பெயரை யார் சொன்னது என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்சம் விநோதமாகப் பார்த்தார். "நீர்தானே. கோட்டில இருக்கேக்க, என்ர கையை எடுத்து உம்மட வயித்தில வச்சுச் சொன்னனீர். பொம்பிளைப்பிள்ளை அன்ரி, பேர் ஆதிரை எண்டு."

ஆணா பெண்ணா என்று பிறக்கும்வரை எங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று வைத்தியர்களைக் கேட்டிருந்தோம். நானும் ரகுவும் பார்த்து வைத்திருந்த பெயர்களில் அது இல்லவே இல்லை. குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நாட்கணக்காகப் பெயரில்லாமல் கிடந்தபோது, ஒரு காலையில் ரகு வந்து, ஆதிரை என்று வைப்பமா என்று கேட்டார். நல்லாயிருக்கு, இதற்கு முன் எனக்குத் தோன்றவே இல்லையே என்று நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது.

ரோல்ஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் ஒன்று சாப்பிட்டேன். கடையில் கேட்டதை ரகுவிடம் இதுவரை சொல்லவில்லை. அந்தப் பெயர் உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்கப் பலமுறை பக்கத்தில் போய் இருந்திருக்கிறேன், வேறு எதையாவது பேசிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். நீதான் நித்திரையில் சொன்னாய் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டாலும் பயம்தான்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மகளைக் கூப்பிட வாயெடுப்பேன். ஆதிரை என்று வெளியே வருவதற்குள், ஒரு நொடி நின்றுவிடுகிறேன்.