என் ஆபீஸ் விறகுக் கொட்டகையான கதை

இன்னைக்குக் காலையில உயிரே போயிடுச்சுங்க.

வீட்டுக்குப் பின்னால தகரக் கூரை போட்டு ஒரு ரூம் கட்டி, அதுலதான் நான் மனு டைப் அடிச்சுக் குடுக்குறேன். பிளான் பாஸ் பண்ணாமக் கட்டினது.

கட்டடமெல்லாம் பார்க்குற நகரசபை ஓவசியர் ஐயா, நாங்க மாத்தையான்னு கூப்பிடுறவரு, சைக்கிள்ல வந்து இறங்கினாரு. "இது என்ன?"

"விறகு போடுற கொட்டகைங்க." பயத்துல வாய் தானா சொல்லிருச்சு.

"அப்ப சரி. ஆள் உட்கார்ந்து வேலை செய்யிற எடம்னா உடைக்கச் சொல்லியிருப்பேன்."

கதவுச் சாவி என் சட்டைப் பையில. தொறந்து காட்டச் சொல்லிருவாரோன்னு பையைக் கையால மூடிக்கிட்டேன்.

சைக்கிள்ல ஏறினவரு திரும்பி வந்தாரு.

"என்னைத் தூரத்துல இருக்குற கலேவெலைக்கு மாத்திட்டாங்க. வேணாம்னு ஒரு மனு அடிக்கணும். இந்தத் தெருவுல டைப் அடிக்கிறவர் யாரு?"

"நான்தாங்க மாத்தையா. வீட்டுக்குள்ள உட்கார்ந்துதான் அடிக்கிறேன்."

நாளைக்கு வர்றாராம்.

நானும் வீட்டுக்காரியும் டைப்ரைட்டரை அடுப்படிக்குத் தூக்கிட்டோம். விறகெல்லாம் இப்ப ஆபீஸ்ல. சைக்கிள் மணி கேட்டாலே ஜன்னல் வழியா எட்டிப் பார்க்குறேன்.

மனுவை நல்லா அடிச்சா அந்த மனுசன் இங்கேயே இருந்துருவாரு. நீங்களே சொல்லுங்க, எத்தனை பிழை விட்டு அடிக்கட்டும்?