முருகன் இருந்த ஃபோல்டர்

இதை எழுதச் சில வருடங்களாகவே தயங்கினேன். ஒரு பக்கம் சாமி விஷயம், மறுபக்கம் கம்ப்யூட்டர் விஷயம்... இரண்டிலும் நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் அண்ணன் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னெவ்வில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு – இறந்தவரின் வாழ்க்கையும், தேவாரமும், உறவுகளின் புலம்பலும் வரும் நினைவுப் புத்தகம் அது. தங்கையின் புலம்பலை என் மனைவியே எழுதினாள். அழுது அழுது எழுதினாள். நான் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அச்சகத்துத் தம்பி போனில் கூப்பிட்டார்.

“அண்ணை, எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது. தமிழ் டைப்பிங் புரோகிராமின்ரை புது வேர்ஷனைப் போட்டு அடிச்சு அனுப்புங்கோ. நாளைக்குக் காலமை மெஷினிலை ஏத்தவேணும். இல்லாட்டி அக்காவின்ரை பக்கம் இல்லாமல்தான் புத்தகம் போகும்.”

தங்கையின் பக்கம் இல்லாமல் அண்ணனுக்குக் கல்வெட்டா?

புது வேர்ஷனைப் போட்டேன். ‘பழையது இருக்கிறது, முதலில் அதை நீக்கு’ என்றது. நீக்கப் போனேன். ‘அப்படி ஒரு ஃபோல்டரே இல்லை’ என்றது. ஒரே பெட்டிக்குள் ஒரு ஆத்திகனும் ஒரு நாத்திகனும்! திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் அசையவில்லை.

மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் நித்யா என்று ஒரு கோயம்புத்தூர்ப் பெண் இருந்தாள். ஐ.டி. வேலை. கூப்பிட்டதும் வந்தாள்.

“இது என்ன அண்ணா, ‘முருகன் துணை’ன்னு ஒரு ஃபோல்டர்?”

“அதுதான் பிள்ளை, டைப்பிங் புரோகிராம். செத்துப்போன மச்சான்தான் போட்டுத் தந்தவர். பிறகு இங்கிலீஷ் பேரை மாத்தி, உள்ளை வேல் படமும் வைச்சவர்.”

நித்யா சிரித்துவிட்டாள். “வீடு பேர் மாறிடுச்சுன்னா, தபால்காரர் எங்கண்ணா போய்த் தேடுவார்? இதை டெலீட் பண்ணிட்டு, மிச்சம் மீதியை நான் கிளீன் பண்ணிடறேன்.”

“இஞ்சாருங்கோ!” – சமையலறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். “முருகனைக் குப்பைக் கூடைக்குள்ளையோ போடப் போறியள்? அதுவும் அண்ணை வைச்ச பேர்!”

“சரிக்கா, டெலீட் வேண்டாம். பழைய பேரை மறுபடி வெச்சாலே போதும். அதுவே தன்னைக் கழட்டிக்கும்.”

“அப்பவும் அண்ணை வைச்ச பேர் போகுது தானே?”

நித்யா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். என்ன செய்வது?

கோயிலைத் திருத்தும்போது என்ன செய்கிறோம்? பாலஸ்தாபனம். சாமியைத் தற்காலிகமாக வேறோர் இடத்தில் இருத்திவிட்டுத்தானே கட்டடத்தில் கை வைக்கிறோம்?

“பிள்ளை, வெளியிலை புதுசா ஒரு ஃபோல்டர் திற. அதுக்கு ‘முருகன் துணை’ எண்டு பேர் வை. முதலிலை வேல் படத்தை அங்கை கொண்டுபோ.”

மனைவி யோசித்தாள். “கொஞ்சம் பொறு பிள்ளை” என்று போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். “ஓம், இப்ப செய்.”

வேல் படம் இடம் மாறியது. நித்யா பழைய ஃபோல்டருக்கு அதன் இங்கிலீஷ் பெயரைத் திருப்பி வைத்தாள். இப்போது நீக்கச் சொன்னோம் – மறுபேச்சில்லாமல் போனது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டோம். புது வேர்ஷன் முதல் தடவையிலேயே உட்கார்ந்தது.

புலம்பலை மறுபடி அடித்தேன். மனைவி பக்கத்தில் இருந்து வாசித்தாள். மறுபடியும் அழுதாள். ஒரு வரியை மாற்றச் சொன்னாள். முன்பிருந்ததைவிட அது நன்றாக இருந்தது. அந்தியேட்டி அன்று அவளுடைய பக்கம் பெட்டி இல்லாமல், எழுத்தாகவே வந்திருந்தது.

புதியது ஏறவில்லை என்றால் அதையே போட்டு இடிக்கிறோம். பழையது எந்தப் பெயரில் உள்ளே இருக்கிறது என்று பார்க்கிறோமா?

சரி, இப்போது ஏன் எழுதினேன்? லா ஷப்பல் தமிழ்க் கடைகளில் கதை வேறு மாதிரி ஓடுகிறது. விளக்கேற்றியதும் கம்ப்யூட்டர் தானாகவே திருந்தியதாம்... ஸ்க்ரீனில் வேல் மின்னியதாம். நித்யாவின் பெயரே அதில் இல்லை! நான் முருகனை நம்புகிறவன், அதனால்தான் கேட்கிறேன். யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்.

திருத்தியது நித்யா. முருகன் கொஞ்சம் தள்ளி இருந்து வழி விட்டார்.