அந்தத் திருகைத் தொடாதீர்கள்

தொண்ணூறுகளில் ஒரு மார்கழி. என் மாமனார் மயிலாப்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சபாக்களுக்கு நடந்து போகும் தூரம். அதுதான் வினை. மத்தியானக் கச்சேரி முடிந்து சாயங்காலக் கச்சேரி தொடங்குவதற்குள், பட்டுப்புடவை சரசரக்க, கையில் கேன்டீன் பொட்டலத்தோடு சொந்தக்காரர்கள் சாரி சாரியாக வந்துவிடுவார்கள். வந்தவர்கள் சும்மா போக மாட்டார்கள். பெரியவருக்கு ஏதாவது செய்துவிட்டுப் போனால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். ஆளுக்கொரு கை ஆக்சிஜன் திருகின் மேல் போகும்.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. ஆக்சிஜன் அதற்குள் குமிழியிட்டு, குழாய் வழியே அவர் மூக்குக்குப் போகும். பாட்டிலுக்கு மேலே கண்ணாடிக் குழாயில் ஒரு சின்ன உருண்டை மிதந்துகொண்டிருக்கும். எவ்வளவு போகிறது என்று காட்டுவது அதுதான். எங்கள் ஜனங்களுக்கு உருண்டை கண்ணில் படாது, குமிழிதான் கணக்கு. "என்னடி இது, ஒண்ணு ரெண்டுதான் வரது?" என்பார்கள். ரசம் கொதிக்கிற மாதிரி தளதளவென்று வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

நுரையீரல் டாக்டர் முதல் நாளே எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். "வருஷக்கணக்கா சிகரெட் பிடிச்ச நுரையீரல் இது. கொறஞ்ச ஆக்சிஜனுக்கே பழகிப்போச்சு. இவருக்கு ஆக்சிஜனும் மருந்துதான், அளவு உண்டு. அதிகமானா மூச்சு மந்தமாயிடும், கெட்ட காத்து உள்ளேயே தங்கி ஆளை மயக்கத்துல தள்ளிடும். நர்ஸைத் தவிர யாரும் தொடக்கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

ஒருநாள் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கக் கீழே போய்விட்டுத் திரும்பினேன். பாட்டில் தளதளவென்று பொங்கிக்கொண்டிருந்தது. உருண்டை உச்சியில் நின்றது. தி. நகரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், மாமனாரின் மூத்த மகள், பக்கத்தில் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"சத்தம் போடாதே. நான்தான் கொஞ்சம் கூட்டி வச்சேன். அப்பா எவ்வளவு நன்னா தூங்கறார் பாரு."

கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. வராந்தாவே அதிரும்படி நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து உருண்டையைப் பழைய அளவுக்கு இறக்கினார். டாக்டர் வந்தார், மணிக்கட்டில் ரத்தம் எடுத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் மாமனார் கண் திறந்தார்.

மறுநாள் குடும்பத்தில் பரவிய கதையோ வேறு. மருமகள் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டதால்தான் பெரியவருக்கு மயக்கம் வந்ததாம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திருகை மறைத்து உட்கார்ந்துவிட்டேன். "பெரியவாள்ளாம் வரா, கொஞ்சம் அனுசரிச்சுண்டு போயேன்" என்றார் என் கணவர். "என்னால முடியாது. நீங்க வேணா கச்சேரிக்குப் போங்கோ" என்றேன். மாமனாரின் தம்பி ஜரிகை வேஷ்டியோடு வந்து, "ஏம்மா, எங்கண்ணாவுக்குக் காத்தைக்கூடவா கொடுக்க மாட்டே?" என்றார். "மாட்டேன், சித்தப்பா. உட்காருங்கோ."

இவர்களையெல்லாம் சமாளித்துவிட்டேன். மாமனாரே கேட்டபோதுதான் ஆடிப்போனேன். அறை நிறைய ஜனம். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் கூட்டு... என்னால முடியலை... உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்..."

அதுவரை என்னிடம் உத்தரவு மட்டுமே போட்ட மனிதர். எனக்கு அழுகை முட்டியது. எல்லோரும் என் கையையே பார்த்தார்கள். மணியை அழுத்தி நர்ஸை வரவழைத்தேன். அவர் நாடி பார்த்து, தலைமாட்டை உயர்த்தி நிமிர்ந்து உட்கார வைத்து, மூச்சுக்குழல் விரிய மருந்தை ஆவியாக உள்ளிழுக்க வைத்தார். டாக்டரிடம் போனிலும் கேட்டார். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

"கூட்ட மாட்டேன், அப்பா" என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்பா கெஞ்சறாரே, உனக்கு மனசே இரங்கலையா?" என்றார் நாத்தனார். "இரங்கலை, அக்கா" என்றேன். ஸ்டூலை விட்டு நகரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும்.

பொங்கலுக்கு அவர் வீட்டில் இருந்தார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் என்மேல் புகார் சொன்னார்.

"இவ இருக்காளே, அத்தனை பேர் முன்னாடி நான் வாய்விட்டுக் கெஞ்சினேன், அப்பவும் அந்தத் திருகை ஒரு இழை திருப்பலை, அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி!"

நான் சமையலறையில் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன். அத்தனை நீளப் புகாரில் ஓர் இடத்தில்கூட அவர் மூச்சு வாங்க நிற்கவில்லை.